அட்டைப்பெட்டிகளும் லால் அண்ணனின் முகமும்

1. என்னைத் தள்ளச் சொன்னவர்

துபாயில் என் முதல் நாள் வேலை, ஒரு மனிதரை உயரத்திலிருந்து பிடித்துத் தள்ளுவது. தள்ளச் சொன்னவரும் அந்த மனிதரேதான்.

அதற்கு முன் நான் அபுதாபி பக்கம் ருவைஸில் ஒரு ஆலையில் ஸ்கஃபோல்டிங், அதாவது சாரம் கட்டும் வேலை பார்த்தேன். ஆள் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே தொழில். பெல்ட் மாட்டாமல் ஏணியில் கால் வைத்தாலே சேஃப்டி ஆபீசர் விசில் ஊதுவார். ஒப்பந்தம் முடிந்து, துபாயில் சாகசக் காட்சி நடத்தும் ஒரு கம்பெனியில் ரிக்கராகச் சேர்ந்தேன். கயிறு, பெல்ட், கொக்கி, விழும் இடம் ஆகியவற்றுக்குப் பொறுப்பானவன் ரிக்கர். சிவப்பு லைன் மெட்ரோ ஓடத் தொடங்கி, பச்சை லைன் இன்னும் திறக்காமல் இருந்த காலம் அது. காலத்தைத் தவறாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் இந்த அடையாளம்.

விழுபவரைத் தாங்கக் காலி அட்டைப்பெட்டிகளைக் கீழே அடுக்கியிருந்தார்கள். மர மேடையின் உச்சியில் ஒருவர் நின்றிருந்தார். ஒட்டிய வயிறு, கட்டையான கழுத்து, இடது கன்னத்தில் மிளகு அளவில் ஒரு மச்சம். அவர்தான் லால் அண்ணன். சிங்களப் படங்களில் சண்டைக் கலைஞராகவும் நடிகராகவும் இருந்து, இந்தக் கம்பெனிக்கு வந்தவர். கொட்டாஞ்சேனையில் தமிழர் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவர் என்பதால் கொழும்புத் தமிழ் சரளமாக வரும்.

"மல்லி, கீழ பெட்டியெல்லாம் பார்த்தியா?" என்று கேட்டார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

"பாத்தேன் அண்ணே. நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? காத்து எந்தப் பக்கம்? மூலைப் பெட்டி நனைஞ்சிருக்கா? கட்டின கயிறு இறுக்கமா?"

எனக்கு எதுவும் தெரியவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். மூலையில் ஒரு பெட்டி ஏசி தண்ணீரில் நனைந்து கூழாகிக் கிடந்தது. அதை மாற்றிவிட்டு மேலே வந்து, உள்ளதைச் சொன்னேன்.

"ஹரி. இப்ப நீ ரிக்கர்," என்றார். சிங்களத்தில் ஹரி என்றால் சரி. "விழுறவன்கிட்ட பொய் சொல்லாத. உன்ட மனுசிகிட்ட சொல்லு, மேனேஜர்கிட்ட சொல்லு, என்கிட்ட மட்டும் சொல்லாத. இப்ப தள்ளு."

ருவைஸ் பழக்கம் என் கையை விடவில்லை. தள்ளுவதற்குப் பதில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். கீழே நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

2. ஒரே படத்தில் மூன்று சாவு

அதன்பிறகு பல வருடங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். டீ நேரத்தில் அவர் கதை சொல்வார். நான் அறைக்கு வந்து எழுதி வைப்பேன். பிறகு பழைய சிங்களப் படங்களை இணையத்தில் தேடிப் பிடித்துச் சரிபார்ப்பேன். வருடத்தில் அவர் அடிக்கடி தவறுவார். சம்பவத்தில் தவறவே மாட்டார்.

அவர் சினிமாவுக்கு வந்தது எண்பதுகளின் தொடக்கம். ஒரு படப்பிடிப்பில் விழ வேண்டிய ஆள் மாடியில் நின்று கீழே பார்த்துவிட்டு, படி வழியாக இறங்கி பஸ் ஏறிப் போய்விட்டாராம். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த லால் அண்ணன், "நான் அடுக்கினது தானே, நானே விழுறேன்" என்று மேலே ஏறியிருக்கிறார். அன்றிலிருந்து விழுவது அவர் தொழிலானது.

கதாநாயகர்களுக்காக விழுந்தார். வில்லன்களுக்காக விழுந்தார். ஒரு கதாநாயகிக்காகச் சேலை கட்டிக்கொண்டு அருவியில் குதித்தார். "சேலை கட்ட அரை நாள் மல்லி, விழ ஒரு செக்கன். கொசுவம் குலையக்கூடாதுன்னு வேற சொன்னாங்க" என்பார்.

டூப் போடாத நாட்களில் அடியாளாக நடித்தார். சிறு முதலீட்டுப் படங்களில் அடியாட்கள் குறைவு. முதல் சண்டையில் செத்தவரே வேறு சட்டை போட்டு இரண்டாம் சண்டைக்கு வர வேண்டும். ஒரே படத்தில் மூன்று முறை செத்திருக்கிறார். பார்ப்பவர்களுக்கு அடையாளம் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதால், அடி வாங்கும்போதும் விழும்போதும் முகம் கேமராவில் விழக்கூடாது. முகம் தெரிந்தால் அந்த ஷாட்டே வீண். அவருடைய ஃபைட் மாஸ்டர் கண்டிப்பானவர். முகம் காட்டியவனுக்கு அன்று மதியச் சாப்பாட்டில் மீன் கிடையாது.

"மீனுக்காகவே கழுத்தப் பழக்கினேன் மல்லி," என்பார் லால் அண்ணன். "ஆக்‌ஷன்னு சொல்ல முந்தியே லென்ஸ் எங்கன்னு கண்ணு தேடிரும். விழும்போது கழுத்து தானா மத்தப் பக்கம் போயிரும்."

நான் தேடிப் பார்த்த படங்கள் எல்லாவற்றிலும் அவர் இருக்கிறார். எதிலும் முகம் இல்லை. பிடரி, தோள், காது, புழுதியில் குப்புறக் கிடக்கும் முதுகு, அவ்வளவுதான். ஒரே ஒரு படத்தில் வசனம் பேசியிருக்கிறார். படம் நீளம் என்று அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள்.

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அவர் மகள் சச்சினி விஷயத்தில் மட்டும் சிரிப்பு கொஞ்சம் குறையும். நீர்கொழும்பில் பள்ளிக்கூடத்தில், "என் அப்பச்சி படத்தில் நடிக்கிறார்" என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அப்பச்சி என்றுதான் அப்பாவைக் கூப்பிடுவாள். தோழிகள் வீட்டில் கூடி, டிவியில் ஒரு படம் பார்த்திருக்கிறார்கள். "அதோ, அதோ!" என்று அவள் காட்டிய இடத்திலெல்லாம் ஒரு முதுகு. அவர்கள் அவளுக்கு 'முதுகு நடிகரின் மகள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் வளர்ந்து, வங்கி வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகும், வீடியோ காலில் அதே கேள்விதான்: "அப்பச்சி, ஒரு தடவையாவது கேமரா பக்கம் திரும்பக் கூடாதா?"

3. டயப்பர் பெட்டி உத்தமம்

அமீரகத்தில் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியதே, அதற்கு அடுத்த குளிர்காலத்தில் ஒரு சிங்களப் படக்குழு துபாய்க்கு வந்தது. இயக்குநர் ஹசினி, முப்பதைத் தாண்டாத பெண். இங்கே வேலை பார்க்கும் இலங்கையர்களைப் பற்றிய படம். லால் அண்ணனைச் சண்டைக் காட்சிகளுக்கு ஆலோசகராக அழைத்தார். அவரைப் பார்த்ததும், "அங்கிள், நீங்களே நடிங்க" என்று ஒரு வேடம் கொடுத்தார். கதாநாயகனைக் காப்பாற்றும் வயதான காவலாளி. சில காட்சிகள் உண்டு. எல்லாவற்றிலும் தொப்பியும், தூசுக்காக முகத்தில் கட்டிய துணியும் இருக்கும். கடைசிக் காட்சியில்தான் துணியை அவிழ்த்து, "நீ போ மகனே, நான் பின்னால வாறேன்" என்று சொல்லிவிட்டு மாடியிலிருந்து விழுவார். பார்வையாளர்கள் அவர் முகத்தை முதல் முறையாகப் பார்ப்பது, அவர் விழும் அந்த நொடியில்தான்.

லால் அண்ணன் அன்றே சச்சினிக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டார். இதுதான் சிக்கல். சொல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு பதற்றம் வந்திருக்காது.

படப்பிடிப்பு அல் கூஸில் ஒரு பழைய கிடங்கில். அது நோன்பு மாதம் என்று லால் அண்ணன் இன்றும் சாதிப்பார். இல்லை. அன்று மதியம் வெட்டவெளியில் உட்கார்ந்து எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம். நோன்புக்கு முந்திய வாரங்களில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை.

காலையில், விழுபவரைத் தாங்க வாடகைக்கு வந்த ஏர்பேக்கை, அதாவது காற்று மெத்தையை, ஊதிப் பார்த்தேன். தையலில் சீறல் சத்தம் கேட்டது. கையை வைத்தால் காற்று வந்தது.

"இது வேண்டாம் அண்ணே. கீழ இருக்குறது பை இல்ல, பலூன்," என்றேன்.

மாற்று ஏர்பேக் மறுநாள்தான் கிடைக்கும். கிடங்குக்கான அனுமதியோ அன்று சூரியன் மறைவதோடு முடிகிறது. ஹசினி நகத்தைக் கடித்தார். லால் அண்ணன் மட்டும் சந்தோஷமாகக் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏர்பேக் எல்லாம் நேத்து வந்தது. நாங்க பெட்டியில விழுந்த ஆட்கள். மல்லி, வண்டிய எடு. யல்லா, போவம்!"

கராமாவுக்குப் போனோம். நான் குடியிருக்கும் இடம் என்பதால் ஒவ்வொரு சூப்பர்மார்க்கெட்டிலும் ஆள் தெரியும். மடித்துக் கட்டி வைத்திருந்த காலி அட்டைப்பெட்டிகளைக் கேட்டோம். லால் அண்ணன் ஒவ்வொன்றையும் விரித்து, உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். ஆப்பிள் பெட்டி ஆகாது, மூலை முரட்டுத்தனமாக இருக்கும். வாழைப்பழப் பெட்டியில் ஓட்டை. எண்ணெய் பெட்டி கல் மாதிரி. சிப்ஸ் பெட்டி நல்லது. குழந்தைகளின் டயப்பர் பெட்டிதான் உத்தமம். பெரியது, ஒற்றை அட்டை, ஒரே அளவு, அமுங்கும்போது மெதுவாக மூச்சு விடும்.

கடைக்கார மலையாளி வியந்துபோய்க் கேட்டார்: "எந்தா சேட்டா, ரூம் மாறுகயாணோ?"

"இல்ல பாய், மாடியில இருந்து விழப் போறேன்," என்றார் லால் அண்ணன்.

அந்த மனிதர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இன்னும் ஒரு கட்டு டயப்பர் பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கிடங்கு முற்றத்தில், மாடிக்கு நேர் கீழே பெட்டிகளை விரித்து அடுக்கினோம். உள்ளே எதுவும் வைக்காமல், அடுக்குக்கு அடுக்கு இடைவெளி விடாமல், சுற்றிலும் கயிறு கட்டி, மேலே மெத்தை, அதற்கு மேல் தார்ப்பாய். பெட்டியில் ஒரு குறை உண்டு. ஒரு முறை விழுந்தால் நடுவில் உள்ளவை நசுங்கிவிடும். அடுத்த முறைக்குப் புதியவை வைக்க வேண்டும். கையிருப்பு சில முறைகளுக்கு மட்டும் போதும்.

4. பொடனியைப் பிடித்த கேமரா

கேமராமேன் பாண்டியன், மதுரைக்காரர், துபாயில் விளம்பரப் படங்கள் எடுத்துப் பழகியவர். கேமராவை, மாடியிலிருந்து பார்த்தால் முற்றத்தின் வலது பக்கம், மரப் பலகைக் குவியலுக்கு முன்னால் வைத்தார். வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் முகத்தில் நன்றாக விழுந்தது.

முதல் டேக். துணியை அவிழ்த்தார், வசனம் சொன்னார், விழுந்தார். அழகான விழுதல். எல்லோரும் கைதட்டினார்கள். மானிட்டரில் போட்டுப் பார்த்தோம். வசனம் பேசும்போது பாதி முகம் நிழலில். விழும்போது, சொல்லி வைத்தது போல, தலை இடது பக்கம் திரும்பிவிட்டது. திரை முழுக்க அவர் பிடரி.

"ஒன் மோர், லால் அங்கிள்! கேமராவைப் பாருங்க," என்றார் ஹசினி.

"ஷுவர், ஷுவர்."

பெட்டி மாற்றினோம். இரண்டாம் டேக்கிலும் பிடரி. மூன்றாவதில் காது கூடுதலாகத் தெரிந்தது.

பாண்டியன் தலையில் கை வைத்தார். "அண்ணே, அங்கிட்டுத் திரும்புனா நான் எதப் பிடிக்க? பொடனியவா? இங்கிட்டுப் பாருங்கண்ணே! லென்ஸ்ல உங்க மக உக்காந்திருக்குன்னு நெனச்சுக்கங்க!"

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அடுத்த டேக்கில் லால் அண்ணனுக்கு வசனமே வரவில்லை. விழவும் இல்லை. அப்படியே மாடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

நான் மேலே போனேன். வியர்த்திருந்தார்.

"மல்லி, நான் திரும்பல்ல. சத்தியமா நான் நேராதான் பார்த்தேன்."

"மானிட்டர்ல திரும்பித்தான் இருக்கு அண்ணே."

"மனசுக்குத் தெரியுது, நேராப் பாருன்னு. இந்தக் கழுத்துக்கு யாரு சொல்றது?" கழுத்தைத் தானே ஒரு அறை அறைந்தார். "இத்தன வருசம் ஒளிச்ச முகம். இப்ப வெளிய வாடான்னா வருமா?"

கீழே ஹசினி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல பெண். கோபப்படவில்லை. ஆனால் என்னிடம் தனியாக வந்து ஆங்கிலமும் சிங்களமும் கலந்து சொன்னதன் சாரம் இது: வெளிச்சம் இறங்குகிறது. இன்னும் ஒரு விழுதலுக்குத்தான் பெட்டி இருக்கிறது. அதிலும் முகம் கிடைக்காவிட்டால், தூரத்தில் எடுத்த ஷாட்டை வைத்துக் காட்சியை முடித்துவிடுவேன். வேறு வழியில்லை.

அதாவது, மறுபடியும் முதுகு. அதைச் சச்சினியிடம் யார் சொல்வது?

5. நான் சொன்ன பொய்

பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டே முந்தைய டேக்குகளை மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும், ஆக்‌ஷன் சொல்வதற்கு முன், அவர் கண் ஒரு நொடி வலது பக்கம் போய் லென்ஸைத் தேடிப் பிடித்தது. பிறகுதான் இடது பக்கம் திரும்பினார். அவர் கழுத்து தவறு செய்யவில்லை. கற்றதைத் துல்லியமாகச் செய்தது. அப்படியானால் கழுத்தைத் திருத்த வேண்டியதில்லை. கேமராவை மாற்றினால் போதும்.

பாண்டியனிடம் ஓடினேன். "அண்ணே, உங்ககிட்ட இன்னொரு கேமரா இருக்குல்லா?"

"பி கேமரா வண்டியில கெடக்கு. எதுக்கு?"

சொன்னேன். முதலில் முறைத்தார். பிறகு சத்தமில்லாமல் சிரித்தார்.

இரண்டாவது கேமராவை வலது பக்கம் பலகைக் குவியலுக்குள் செருகி, முன்னதாகவே ஃபோகஸ் பூட்டி, கறுப்புத் துணி போட்டு லென்ஸ் மட்டும் தெரியும்படி மூடினோம். ஹசினி அதன் பின்னால் தரையில் குந்தினார். பெரிய கேமராவை எல்லோரும் பார்க்க, சத்தம் போட்டு, முற்றத்தின் இடது பக்கத்துக்கு நகர்த்தினோம். அதில் மெமரி கார்டே இல்லை.

இப்போது எனக்கு ஒரு சங்கடம். முதல் நாளில் கற்ற விதி நினைவில் இருந்தது. விழுபவனிடம் பொய் சொல்லக் கூடாது. கேமரா மாற்றியதை மறைத்து அவரை விழவைக்க என் மனம் ஒப்பவில்லை. கடைசி நேரத்தில் வேறு எதையாவது சந்தேகப்பட்டுத் தடுமாறினால், பெட்டிக்கு வெளியே விழுவார்.

மேலே ஏறிப் போனேன்.

"அண்ணே, பெட்டி எல்லாம் புதுசு. நடுவுல டயப்பர் பெட்டி. கயிறு இறுக்கமா இருக்கு. காத்து பின்னால இருந்து லேசா வருது. இது அத்தனையும் உண்மை. இனி ஒரு பொய் சொல்லப் போறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன பொய்?"

"ஆங்கிள் மாத்தியாச்சு. கேமரா இடது பக்கம் இருக்கு."

அவர் இடது பக்கம் பார்த்தார். பாண்டியன் பெரிய கேமராவில் கண்ணை வைத்து, விரலால் ஃபோகஸைத் திருகிக்கொண்டிருந்தார். லால் அண்ணன் மெல்ல வலது பக்கம் பார்க்கப் போனார்.

"அங்க பாக்காதீங்க அண்ணே."

ஒரு கணம் யோசித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "அடேய் கள்ளா. கழுத்தையா ஏமாத்தப் போற?"

"உங்கள இல்ல அண்ணே. கழுத்த மட்டும்."

"ஹரி மல்லி. அந்தக் கழுதைக்கு நானும் ஒண்ணும் சொல்லல்ல."

கீழே பாண்டியன் பிரமாதமாக நடித்தார். "அண்ணே, இந்த லென்ஸு! இங்கிட்டு! இதப் பாருங்க!" என்று கத்தினார். பல வருடங்களாக மற்றவர்களை நடிக்கவைத்துப் படம் எடுத்தவருக்கு அதுதான் முதல் நடிப்பு. கொஞ்சம் மிகையான நடிப்பு என்பது என் கருத்து.

ஆக்‌ஷன்.

லால் அண்ணன் துணியை அவிழ்த்தார். அவர் கண் இடது பக்கம் போய், பாண்டியனின் லென்ஸைப் பிடித்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கட்டைக் கழுத்து மெதுவாக, தானாகவே, வலது பக்கம் திரும்பியது. மாலை வெளிச்சம் முழு முகத்திலும் விழுந்தது.

"நீ போ மகனே. நான் பின்னால வாறேன்."

அப்போது ஒரு சிரிப்பு வந்தது. கதையில் இல்லாத சிரிப்பு. தன் கழுத்து ஏமாந்துவிட்டது என்று தெரிந்துகொண்டவரின் சிரிப்பு. அப்படியே சாய்ந்தார். பெட்டிகள் நீளமாக மூச்சு விட்டன.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் பலகைக் குவியலையே பார்த்தோம். கறுப்புத் துணியைத் தூக்கிக்கொண்டு ஹசினி எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கலாஸ்!" என்றார். 'முடிந்தது' என்று பொருள்படும் அந்த ஒரு அரபிச் சொல்லைத்தான் அவர் இங்கு வந்து கற்றிருந்தார். அப்புறம்தான் கைதட்டல்.

பெட்டிக் குவியலுக்குள்ளிருந்து லால் அண்ணனின் குரல் வந்தது: "முகம் வந்துச்சா? இல்ல, கழுத்தத் திட்டவா?"

6. தேராவில் ஒரு காலைக் காட்சி

படம் அடுத்த ஆண்டு வெளியானது. தேராவில் ஒரு தியேட்டரில் இலங்கையர் சங்கம் ஒன்று ஞாயிறு காலைக் காட்சிக்கு ஏற்பாடு செய்திருந்தது. லால் அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதே வாரம் நீர்கொழும்பில் சச்சினி தன் பழைய பள்ளித் தோழிகளை வரிசையாக டிக்கெட் எடுத்து உட்காரவைத்திருந்தாளாம். அதே தோழிகள்தான்.

கடைசிக் காட்சி வந்தது. துணி அவிழ்ந்தது. திரை முழுக்க அந்த முகம், மச்சம், சிரிப்பு. அரங்கில் யாரோ விசும்பினார்கள். நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். லால் அண்ணன் தலையைத் திருப்பி, எக்சிட் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, படத்தப் பாருங்க!"

"என்னால ஏலாது மல்லி. கழுத்து விடுதில்ல."

வெளியே வந்ததும் சச்சினியின் வீடியோ கால். சிங்களத்தில் நெடுநேரம் பேசினாள். நடுவில் மூன்று நான்கு பெண்கள் கத்தினார்கள். அவர் முகம் சிவந்துபோனது. என்னவென்று கேட்டேன்.

"அந்தத் தோழிப் பிள்ளைகள் மன்னிப்புக் கேக்குறாங்களாம். ஆனா ஒருத்தி சொல்றா, முதுகுதான் இன்னும் நல்லா நடிச்சதாம்."

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டு விஷயங்கள். விழுபவரிடம் பெட்டியைப் பற்றியும் காற்றைப் பற்றியும் உயரத்தைப் பற்றியும் எப்போதும் உண்மையை மட்டும் சொல்லுங்கள். பொய் சொல்லியே ஆக வேண்டும் என்றால், பொய் என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். இன்னொன்று, ஒருவர் திரும்பத் திரும்ப ஒரே தவறைச் செய்தால் உடனே திருத்தப் போகாதீர்கள். அது ஏதோ ஒரு காலத்தில் அவருக்குச் சோறும் மீனும் போட்ட பாடமாக இருக்கலாம். அதைக் கண்டுபிடித்தால், அந்தத் தவறையே உங்கள் வேலைக்குப் பயன்படுத்தலாம்.

படப்பிடிப்பு முடிந்த அன்று எல்லோரும் நசுங்கிய பெட்டிகளின் மேல் ஏறி ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டோம். "எல்லாரும் இங்கிட்டுப் பாருங்க!" என்று பாண்டியன் கத்தினார். கராமாவில் என் அறைச் சுவரில் அது மாட்டியிருக்கிறது. நாங்கள் அனைவரும் பல் தெரியச் சிரிக்கிறோம். நடுவில் ஒரு கட்டைக் கழுத்தும் பிடரியும் மட்டும் இருக்கின்றன.

அறைக்கு வருகிறவர்கள் அதைக் காட்டி, "இந்தத் திரும்பி நிக்கிறது யாரு?" என்று கேட்பார்கள்.

"அவருதான் நடிகர்," என்பேன்.